பட்டாணி அளவு

"மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். ரூமுக்கு ஒரு ஏசி போட்டுருங்க, சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு, 300 ரூபாய் விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு ஒரு தம்பி இப்போதுதான் படியிறங்கிப் போகிறார். தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் அவர் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரிய ஆரம்பித்துவிடும், கட்டுரை கெட்டுவிடும்.

தம்பி வந்ததும் என்ன செய்தார்? கம்ப்யூட்டர் கேபினெட்டின் மண்டையில் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடினார். "ஹீட் ஆவுது சார்" என்றார். போனில் நான் அவரிடம் சொன்ன அதே வாக்கியம். வேலூரில், கத்திரி வெயிலில், உள்ளங்கையை எதன்மேல் வைத்தாலும் ஹீட் ஆகத்தான் செய்யும். பீரோ சூடு. குழாயில் வருகிற தண்ணீர் சூடு. சுவரில் மாலையோடு இருக்கும் மாமனார் படம் சூடு. மாமனாருக்கு யாரும் ஏசி போடச் சொல்வதில்லை.

ஏசி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். என் கம்ப்யூட்டரை இன்றைய தேதிக்கு விற்றால் ஏசிக்கான ஸ்டெபிலைசர் வாங்கலாம். பேரம் பேசினால்.

பக்கத்துத் தகட்டைக் கழற்றி வைத்திருக்கிறேனே என்று தம்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்பார்? அவர் கடையிலும் அப்படித்தான். உங்கள் வீட்டிலும் அந்தத் தகடு பீரோவுக்குப் பின்னால்தான் நிற்கும்; ஸ்க்ரூ ஒன்று பேனா டப்பாவில் கிடக்கும், இன்னொன்று வாஷிங் மெஷினுக்கு அடியில் போய்ச் சேர்ந்திருக்கும். எதிரே டேபிள் ஃபேன், தலையாட்டாமல், நேராக மதர்போர்டைப் பார்த்து. இப்படி வைத்ததும் ப்ராசஸரின் சூடு அஞ்சாறு டிகிரி இறங்கும். இறங்கிய அந்த நாளோடு நாம் தகட்டை மறந்துவிடுகிறோம். இது தப்பு என்பதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் இருக்கின்றன, மூன்றையும் சொல்லப்போகிறேன்.

முதல் காரணம் தூசி. அறையில் பல திசைகளில் சும்மா திரிந்துகொண்டிருக்கும் தூசியை எல்லாம் டேபிள் ஃபேன் ஒன்று சேர்த்து ஒரே இடத்தில் கொண்டுபோய் இறக்குகிறது. ப்ராசஸரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் சிங்க்கில் தகடு தகடாக இருக்கிறதே, அதன் நடுவிலுள்ள சந்துதான் காற்று போகிற வழி. தலையணைப் பஞ்சு, அம்மாவின் தலைமுடி, கொசுவத்திச் சாம்பல், வெள்ளிக்கிழமை சாம்பிராணி எல்லாம் அந்தச் சந்திலேயே குடியேறி நிரந்தர முகவரி வாங்கிவிடும். அப்புறம் ஃபேன் என்ன வேகத்தில் சுற்றினாலும் சத்தம்தான் வரும், காற்று போகாது. மற்ற இரண்டு காரணங்களுக்கு வருகிறேன். அதற்கு முன்னால், இந்தச் சூட்டுக்கு நான் பொறுப்பில்லை என்பதைப் பதிவு செய்துவிட வேண்டும். ஏனென்றால் வருகிறவர்கள் எல்லாரும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

2001 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் சில்லு வடிவமைப்பாளர்கள் கூடிய மாநாட்டில் இன்டெல்லின் பாட் கெல்சிங்கர் பேசினார். ப்ராசஸர்கள் இதே போக்கில் போனால், இத்தனூண்டு சில்லில் எழும் வெப்பம், பரப்பளவுக்குக் கணக்குப் பார்த்தால், 2005 வாக்கில் அணு உலையை எட்டும், 2010இல் ராக்கெட்டின் பின்வாயை, 2015இல் சூரியனின் மேற்பரப்பையே எட்டிவிடும் என்று எச்சரித்தார். மாநாட்டை மே மாதத்தில் வேலூரில் வைத்திருந்தால் 2015 வரைக்கும் தவணை கொடுத்திருக்க மாட்டார். மூன்றரை வருஷம் கழித்து, 2004 அக்டோபரில், அதே நிறுவனத்தின் தலைமை நிர்வாகி கிரெய்க் பாரெட் அமெரிக்காவில் ஒரு மாநாட்டு மேடையில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் மண்டியிட்டார். 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் தருகிறோம் என்று சொல்லியிருந்ததைக் கைவிட்டதற்கு மன்னிப்பு. பாதி வேடிக்கைக்குத்தான், ஆனாலும் முழங்கால் தரையில் பட்டது. 3.8-ஐத் தாண்டவிடாமல் அவர்களை மறித்ததில் சூட்டுக்குப் பெரிய பங்கு. பெரிய இடத்தில் சூடு வந்தால் மண்டியிடுகிறார்கள். என் வீட்டில் சூடு வந்தால் க்யூஆர் அட்டையை நீட்டுகிறார்கள்.

அதே 2001இல்தான் டாம்ஸ் ஹார்ட்வேர்காரர்கள் ஒரு கொடூரம் செய்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து ஹீட் சிங்க்கைப் பிடுங்கி, என்ன ஆகிறது என்று படம் பிடித்தார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. ஏஎம்டியின் ஆத்லான் புகைந்து செத்தது. இன்றைக்கு வருகிற ப்ராசஸர்கள் எல்லாமே பிழைக்கத் தெரிந்த ரகம். உள்ளேயே உஷ்ணமானி உண்டு. ரகத்தைப் பொறுத்து 90, 95, 100 டிகிரி என்று ஒரு வரம்பு. அதைத் தொட்டதும் தானாக வேகத்தைக் குறைக்கும், அப்படியும் ஏறினால் தானாகவே நின்றுவிடும். அதன் உயிருக்கு ஆபத்தில்லை. ஆபத்தெல்லாம் சேமிக்காத பத்திக்குத்தான். போன வாரம் அப்படி ஒன்று போய்ச் சேர்ந்தது. பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்து, சூட்டினால் வேகம் குறைந்துவிட்டது சார், அதனால்தான் தாமதம் என்றேன். "உங்களுக்கா, அதுக்கா?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான், நக்கல் மட்டும் குறையவில்லை.

என் மைத்துனரும் போன் செய்தார். "மாப்ளே, என் மெஷின் 48-ஐத் தாண்டி நான் பார்த்ததே இல்ல. நீங்க ஏதோ தப்பாப் பண்றீங்க." அவர் இருப்பது குன்னூரில். காற்றை ஊதிக் குளிர்விக்கும் எந்த ஃபேனும் அறையின் சூட்டுக்குக் கீழே ப்ராசஸரைக் கொண்டுபோக முடியாது. அது அறையைவிட 30 டிகிரி அதிகமாக இருக்கிறது என்றால், 18 டிகிரி குன்னூரில் 48. 41 டிகிரி வேலூரில் 71. இத்தனைக்கும் அது வேலையே இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது. இதைக் கூட்டல் கணக்காகவே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். "எதுக்கும் பேஸ்ட்டை மாத்திப் பாருங்க" என்று பதில் வந்தது, கூடவே ஒரு கட்டைவிரல்.

பேஸ்ட்! கம்ப்யூட்டர் என்று வாயைத் திறந்தாலே யாராவது பேஸ்ட் என்று முடித்துவைக்கிறார்கள். ஊரில் பாதிப் பேர் அதை ஏதோ குளிர்ச்சி தைலம் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. வெப்பத்தைக் கடத்துவதில் செம்புக்குச் சுமார் 400 மதிப்பெண் என்றால் சாதாரண பேஸ்ட் ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது. ஆனால் காற்று இருக்கிறதே, அது 0.03க்கும் கீழே. ப்ராசஸரின் மேல்தகடும் ஹீட் சிங்க்கின் அடிப்பாகமும் பார்க்கத்தான் வழவழப்பு. இரண்டும் முத்தமிடும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம். பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் காற்றைக் கிளப்பிவிட்டு அங்கே தான் உட்காருவது ஒன்றுதான் பேஸ்ட்டின் உத்தியோகம். ஆகவே அதிகம் பூசினால் அதிகம் குளிராது, மிச்சம் பக்கவாட்டில் பிதுங்கும். குறைத்துப் பூசினால் காற்று திரும்பி வந்துவிடும். அப்படியானால் எவ்வளவு? இங்கேதான் உலகமே ஒரே குரலில் பதில் சொல்கிறது: பட்டாணி அளவு.

எந்தப் பட்டாணி?

யாருமே கேட்கவில்லை. நான் கேட்டேன். சமையலறைக்குப் போய், "அம்மா, பட்டாணி இருக்கா?" என்றேன்.

"குருமாவுக்கா, சுண்டலுக்கா?"

"கம்ப்யூட்டருக்கு."

அம்மா அசரவில்லை. "அப்ப காஞ்சதே போதும்" என்றாள்.

காய்ந்த வெள்ளைப் பட்டாணி ஒன்று. அதையே ராத்திரி ஊறப்போட்டால் காலையில் அது வேறு பிறவி. குக்கரில் நாலு விசில் விட்டால் தோல் கழன்று மூன்றாவது பிறவி. மெரினாவில் தேங்காய் மாங்காயோடு பொட்டலத்தில் வருவது இதில் எந்தப் பிறவி என்று மாங்காயை விலக்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஊட்டிப் பச்சைப் பட்டாணியை எடுத்துக்கொள்ளலாம் என்றால், ஒரே நெற்றை உரித்துப் பாருங்கள்: நடுவில் இருப்பவை குண்டு, இரண்டு ஓரத்திலும் இருப்பவை சவலை. எதைப் ப்ராசஸர் மேல் வைப்பது? ஃப்ரீசரில் பாக்கெட்டாக வருவது பார்க்க ஒரே அளவாக இருக்கும். ஆனால் ஐஸ் உருகினால் சுருங்கும், உருகுவதற்கு முன்னால் அளந்தால் அதில் ஐஸையும் சேர்த்து அளக்கிறோம். பொரிகடலைக் கடையில் உப்பும் மஞ்சளும் போட்டு வறுத்து வைத்திருப்பது ஓரளவு நம்பகமானது என்பது என் முடிவு. அதிலும் வாயில் போட்டால் நல்லது எது, பல்லை உடைப்பது எது என்று கண்ணால் தெரியாது. அளவு மட்டும் பரவாயில்லை. பட்டாணிப் பருப்பு வேண்டாம். அது ஏற்கெனவே பாதி.

பட்டாணிக்காரர்களுக்கு எதிர்க்கட்சி அரிசிக்காரர்கள். ஒரு அரிசி அளவு போதும் என்பது அவர்கள் வாதம். பொன்னியா, இட்லி அரிசியா? பாசுமதி என்றால் நீளம் அதிகம், சீரகச் சம்பா என்றால் வைத்த இடம் தெரியாது. ரேஷன் அரிசி என்றால் எடுத்தது அரிசியா கல்லா என்பதே முதல் கேள்வி. பச்சரிசியா புழுங்கலா என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. அரிசியாகவே இருக்கும்போதா, பருக்கை ஆனபிறகா என்று கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள்.

இந்தப் பொறுப்பை நம் சித்த வைத்தியர்களிடம் விட்டிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். குன்றிமணி எடை, மிளகளவு, சுண்டைக்காயளவு, கொட்டைப்பாக்களவு, நெல்லிக்காயளவு என்று படிப்படியாக வைத்திருக்கிறார்கள். சுண்டைக்காயளவு என்று சொல்லிவிட்டால் என் பாட்டிக்குக் கை தப்பாது. ஒரே ஆபத்து, பழக்கதோஷத்தில் தேனில் குழைத்துவிடுவாள்.

அளவு முடிந்தால் வடிவம். நடுவில் ஒரு பொட்டு வைத்து ஹீட் சிங்க்கை அமுக்கு, தானே பரவிக்கொள்ளும் என்பது ஒரு தரப்பு. ஒற்றைக் கோடு என்பது இன்னொன்று. மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட வேண்டும் என்பவர்கள் இளைஞர்கள். பழைய ஏடிஎம் கார்டை வைத்து தோசை மாவாய் இழுக்க வேண்டும் என்பவர்கள் என் வயதுக்காரர்கள். காலாவதியான கார்டுகளைத் தூக்கிப் போடாததற்கு இப்போதுதான் அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. இத்தனை வாதத்துக்கும் அப்பால், அந்தப் பேஸ்ட் வருவதோ ஊசி போடும் சிரிஞ்சில். அமுக்கினால் வராது. இன்னும் கொஞ்சம் அமுக்கினாலும் வராது. இன்னும் கொஞ்சம் அமுக்கினால் பட்டாணியில் தொடங்கி சுண்டைக்காய், பாக்கு எல்லாவற்றையும் ஒரே நொடியில் கடந்து நெல்லிக்காயில் வந்து நிற்கும்.

ஆகவே ஒரு வறுத்த பட்டாணியைத் துடைத்து, சுத்தம் செய்த ப்ராசஸரின் நடுவில் வைத்து, தலையைச் சாய்த்து அளவைக் கண்ணில் வாங்கிக்கொண்டிருந்தேன். தங்கை பையன் வந்து, "மாமா, என்ன பண்றீங்க?" என்று கேட்டான். விளக்க ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டான். பாரிஸுக்குப் பக்கத்தில் பிளாட்டினம் இரிடியம் கட்டி ஒன்றைப் பூட்டுக்குள் வைத்து, 2019 வரைக்கும் இதுதான் உலகத்துக்கே கிலோ என்று காப்பாற்றினார்கள். அந்தப் பெட்டியில் ஓரமாக ஒரு பட்டாணியையும் போட்டு வைத்திருந்தால் இவ்வளவு பேச வேண்டியதில்லை.

பூசியாகிவிட்டது. ஃபேனைத் திரும்ப மாட்ட வேண்டும். ப்ராசஸரோடு இலவசமாக வருகிற ஃபேனுக்கு நாலு பிளாஸ்டிக் கால். ஒவ்வொரு காலின் தலையிலும் ஒரு அம்பு. அம்பு காட்டுகிற பக்கம் திருப்பினால் கழலும். அதாவது, மாட்டும்போது அம்பை மதிக்கக் கூடாது. குறுக்காக, எதிரெதிர் மூலையாக அமுக்க வேண்டும். டக்கென்று சத்தம் வரும் வரை அமுக்க, மதர்போர்டு வளைவது கண்ணுக்கே தெரியும். நாலாவது கால் உட்கார்ந்ததும் முதல் கால் எழுந்துவிடும். ஒரு கால் எழுந்திருந்தால் அந்தப் பக்கம் ஹீட் சிங்க் தூக்கிக்கொள்ளும், பட்டாணி ஆராய்ச்சி அவ்வளவும் வீண். இதைக் கண்டுபிடித்த பொறியாளரை நான் நேரில் பார்க்க வேண்டும். சும்மா பார்க்கத்தான்.

சரி, எல்லாம் சரியாகவே உட்கார்ந்தது. எண் கொஞ்சம் இறங்கவும் செய்தது. இப்போது திரையின் மூலையில் அது எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கிறது: 74, 79, 77. எனக்குச் சர்க்கரை உண்டு. அதை டாக்டர் திட்டினால் பார்ப்பேன். இதை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பார்க்கிறேன். எண்ணைக் காட்டுகிற அந்தப் புரோகிராமும் தன் பங்குக்கு ப்ராசஸரைக் கொஞ்சம் தின்றுதான் காட்டுகிறது என்பதை நினைக்காமல் இருக்க முயல்கிறேன்.

என் கேள்வி வேறு. நான் செய்கிற வேலை தட்டச்சு. அதுவும் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் காப்பி குடிக்கிற வேகம். 1978இல் வந்த 8086 சில்லுக்கு ஃபேனும் கிடையாது, ஹீட் சிங்க்கும் கிடையாது. அதற்குப் பின்னால் வந்த சாதுவான மெஷின்களை வைத்துக்கொண்டு 90களில் ஊர் ஊராக அச்சகங்கள் கல்யாணப் பத்திரிகையும் தேர்தல் நோட்டீசும் அடித்துத் தள்ளின. இன்றைக்கு நான் 'அ' அடிக்கும்போது இது 80க்கு ஏறுகிறது என்றால், ஏறுவது என் 'அ'வுக்காக இல்லை. யாருக்காகவோ. யாருக்கு என்று பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறக்கிறேன். திறந்த நொடியில் எல்லாம் யோக்கியமாகிவிடுகிறது, 3 சதவிகிதம், 2 சதவிகிதம். மூடிவிட்டுத் திரும்பினால் ஃபேன் மறுபடி அலறுகிறது. வைரஸ் தேடுகிறது ஒன்று, நேற்று தேடிய அதே ஃபைல்களில். அப்டேட் இறக்குகிறது ஒன்று. நான் என்றைக்குமே தேடப்போகாத படங்களை எல்லாம் தேடத் தயாராக அட்டவணை போடுகிறது ஒன்று. நேற்று மத்தியானம், வெளியில் வெயில் எத்தனை என்று பார்க்க ஒரு பக்கத்தைத் திறந்தேன். டிகிரியைச் சொல்வதற்கு முன்னால் அது ஏசி விளம்பரத்தை வீடியோவாக ஓட்டி, ப்ராசஸரை 88க்குக் கொண்டுபோனது. ப்ராசஸர் குடிக்கிற மின்சாரம் ஏறக்குறைய அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. வருவது என் அறைக்கு. அந்தச் சூட்டை உறிஞ்சி மறுபடி உள்ளே ஊதுவது என் ஃபேன். இரண்டுக்கும் கரண்ட் பில் என் பெயரில். இதில் நான் ஏதோ தப்பாகப் பண்ணுகிறேனாம், குன்னூரிலிருந்து சொல்கிறார்கள்.

இரண்டாவது காரணம், பல்லி. தகடு இல்லாத கேபினெட் என்பது பல்லிக்குக் கதவில்லாத வீடு: உள்ளே வெளிச்சம் உண்டு, கதகதப்பு உண்டு, வெளிச்சத்துக்குப் பூச்சியும் வந்து சேரும். அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போனால் பரவாயில்லை. கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பக்கம் போய் இரண்டு முனையில் ஒரே நேரத்தில் கால் வைத்தால் அதற்கும் மோட்சம், எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் மோட்சம். பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனை எடுத்துப் பார்த்தேன். தலைக்குப் போட்டிருக்கிறார்கள், தோளுக்குப் போட்டிருக்கிறார்கள். மதர்போர்டுக்குப் போடவில்லை. பல்லி விழுந்த சத்தம் கேட்டது என் முழங்காலுக்குப் பக்கத்தில் என்பதால் காலுக்குரிய பலனையே எடுத்துக்கொள்ளலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் முதலில் அந்தத் தகட்டை எடுத்து மாட்டச் சொன்னாள்.

மாட்டலாம். ஸ்க்ரூ கிடைத்தால் மாட்டலாம். வாஷிங் மெஷினை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. அதற்காகத்தான் இதையே எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதை ஆரம்பிக்கும்போது அம்மா உள்ளே வந்து, ஒரு வார்த்தை பேசாமல், டேபிள் ஃபேனின் ப்ளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அது சூடாயிடும்."

"சூடானா அதுவே நின்னுக்கும்னு நீதானே சொன்னே" என்றாள். "எனக்கு அந்த வசதி இல்ல."